கஸ்தூரி டீச்சருக்குக் கொடுத்த அணி

1975ஆம் ஆண்டைப் பெண்கள் ஆண்டு என்று உலகம் அறிவித்தது. திருவண்ணாமலையில் அதனால் நேர்ந்ததாக எனக்குத் தெரிந்த மாற்றம் ஒன்றுதான். பட்டிமன்ற மேடையில் ஒரு பெண்ணுக்கு நாற்காலி போட்டார்கள். அந்த நாற்காலியில் பத்து ஆண்டுகள் உட்கார்ந்தவர் கஸ்தூரி டீச்சர்.

அவர் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. தண்டராம்பட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அந்த வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர். கணவர் பலராமனுக்குத் தேரடி வீதியில் பாத்திரக்கடை. ஒரே மகள் வேதா.

ஊரில் நற்றமிழ் மன்றம் என்று ஒன்று நடத்திவந்தார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கோதண்டராமன். எல்லாப் பட்டிமன்றத்துக்கும் அவரே நடுவர். பேச்சாளர்களுக்கு அணி பிரித்துக் கொடுப்பவரும் அவரே. கொடுத்த அணியில் பேசுவதுதான் வழக்கம். யாரும் தன் அணியைத் தானே எடுத்துக்கொள்வதில்லை. அந்த ஆண்டு அவர் டீச்சரைக் கேட்க வீட்டுக்கு வந்தார். கேட்டது பலராமனை.

“பெண்கள் ஆண்டுங்க. மேடையில ஒரு பொம்பளையாவது இல்லன்னா நல்லா இருக்காது. டீச்சரை அனுப்பினீங்கன்னா நல்லா இருக்கும்.”

“இன்னா தலைப்பு?”

“பெண்ணுக்குப் பெருமை வீட்டிலா வெளியிலான்னு. டீச்சருக்கு வீடு. வெளியைப் பேசறதுக்கு வக்கீல் ராமகிருஷ்ணன் இருக்காரு.”

“வீடுன்னா சரி” என்றார் பலராமன்.

காபி கொண்டுவந்த கஸ்தூரி நின்றார். “ஐயா, நான் வெளியைப் பேசறேனே. தினமும் வேலைக்குப் போறவ நான். எனக்குத் தெரிஞ்சது அதுதானே?”

கோதண்டராமன் சிரித்தார். “ஆம்பளை பெண் விடுதலை பேசினா முற்போக்குன்னு கைதட்டுவாங்கம்மா. பொம்பளை பேசினா வாயாடின்னு எழுந்து போயிடுவாங்க. நாப்பது வருஷமா கூட்டத்தைப் பார்க்கறேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. ஊரை அறிந்தவர், அறிந்ததைச் சொன்னார். ஒரு நிலைமையைச் சரியாக அறிந்துவைத்திருப்பதும் அதைக் காப்பாற்றிக்கொடுப்பதும் சில மனிதர்களிடம் ஒரே வேலையாக நடந்துவிடுகிறது.

டீச்சர் பெரிய பேச்சாளர் என்று நான் சொல்லமாட்டேன். குரல் மெல்லியது. செய்யுள் மேற்கோள் அதிகம். ஆனால் வீட்டுக்குள் நடப்பதை எடுத்துச் சொல்லும்போது கூட்டம் முன்னால் சாய்ந்து கேட்கும். இட்லிப் பானையைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற ஆவியை அவர் சொன்னால் பின்வரிசைப் பெண்கள் கன்னத்தைத் துடைத்துக்கொள்வார்கள். அவருக்கும் அது பிடித்திருந்தது. காரணம் புகழ் அல்ல. மணி அடிக்கும்வரை, அந்தப் பதினைந்து நிமிடம், யாரும் அவரை இடைமறிக்க முடியாது. வீட்டில் ஒரு வாக்கியத்தை அவர் முழுதாக முடித்தது அபூர்வம். பெண் பேசாமல் இருப்பதன் பெருமையைப் பேசுவதற்காக அவருக்குப் பேசக் கிடைத்தது. அவருக்கு அது தெரியும். தெரிந்தேதான் போனார்.

மேடைப் பேச்சை அவர் தெருக்கூத்து வேஷம்போல எண்ணியிருந்தார். துச்சாதனன் வேஷம் கட்டியவனைப் பொழுது விடிந்ததும் யாரும் துச்சாதனன் என்று அடிப்பதில்லை அல்லவா? ஆனால் கூத்தாடிக்கு முகத்தில் அரிதாரம் இருக்கிறது, கழுவினால் போய்விடும். டீச்சர் மேடையில் பேசியதும் மறுநாள் காய்கறி வாங்கப் போனதும் ஒரே முகத்தோடு.

எங்கள் ஊரில் தை இரண்டாம் நாள் திருவூடல். அண்ணாமலையாரும் அம்மனும் தெருவில் சண்டை போட்டு, அம்மன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மறுநாள் சமாதானம். அந்தச் சமாதான நாள் மதியம் மன்றத்தின் ஆண்டுப் பட்டிமன்றம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கும். 1982இல் தலைப்பு, பெண்ணுக்கு வேண்டியது பட்டமா, தாலியா? டீச்சருக்குத் தாலி. அன்று அவர் சொன்ன ஒரு வரி ஊர் முழுக்கப் பரவியது. “பட்டம் சுவரில் தொங்கும். தாலி நெஞ்சில் தொங்கும். சுவருக்கு உயிரில்லை, நெஞ்சுக்கு உண்டு!” கைதட்டல் அடங்கச் சற்று நேரம் பிடித்தது. அதை யாரோ கேசட்டில் பிடித்திருந்தார்கள். பலராமன் ஒரு நகல் வாங்கிக் கடையில் போட்டுக் காட்டுவார். பாத்திரம் வாங்க வந்தவர்கள் கேட்டுவிட்டு, “உங்க வீட்டம்மாவா! குடுத்துவச்சவருங்க நீங்க” என்பார்கள்.

1984 கார்த்திகை தீபத்துக்குப் போளூரிலிருந்து பலராமனின் அக்கா சரோஜா வந்தார். தீபம் பார்த்துவிட்டு மறுநாள் காலை பேச்சை எடுத்தார்.

“தசரதனுக்கு பெங்களூர்ல வேலை ஆயிடுச்சுடா. மாசியில போகணும். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்காதாம், வயிறு எரியும்ன்றான். வேதாவைத் தையிலயே முடிச்சுக் குடுத்துடு. கையோட கூட்டிட்டுப் போயிடுவான்.”

“உன் பையனுக்கில்லாம வேற யாருக்கு? முடிச்சிடலாம்” என்றார் பலராமன்.

பேச்சு அவ்வளவுதான். தசரதனுக்கு இருபத்தெட்டு வயது. வேதாவுக்குப் பதினேழு. அம்மா வேலைபார்த்த பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். மார்ச்சில் அரசுப் பரீட்சை. இயற்பியலில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் அவளுடையது.

அடுப்படியில் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த டீச்சர் வெளியே வந்தார். “அண்ணி, நான் வேணாம்னு சொல்லல. மார்ச்சு முடியட்டும். பரீட்சை எழுதிட்டாள்னா சித்திரையில வச்சுக்கலாம்.”

“பரீட்சை எழுதி இன்னா பண்ணப்போறா? அங்க போய் சோறு ஆக்கறதுக்கு எதுக்கு சர்ட்டிபிகேட்டு?” சரோஜா தம்பியைப் பார்த்துச் சிரித்தார். “மூணு மாசம் என் பையன் வயித்துக்கு யாரு பதில் சொல்றது?”

டீச்சர் கேட்டது மூன்று மாதம். இதை நான் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிற்பாடு ஊரில் இந்தக் கதையைச் சொன்னவர்கள், அவர் குடும்பத்தை எதிர்த்து ஏதோ பெரிய கொடி பிடித்ததுபோலச் சொன்னார்கள். பிடிக்கவில்லை. அவருடைய புரட்சியின் மொத்த அளவு மூன்று மாதம்.

அன்று மாலை வேதா அம்மாவின் புடவை முந்தியைப் பிடித்துக்கொண்டாள். “பரீட்சை மட்டும் எழுதிடறேம்மா. அப்புறம் எங்க சொன்னாலும் போறேன்.”

“எழுதுவ” என்றார் டீச்சர்.

முதலில் வக்கீல் ராமகிருஷ்ணனிடம் போனார். பத்து ஆண்டுகளாக எதிரணியில் நின்று பெண் விடுதலைக்காக மேசையைக் குத்தியவர். பள்ளியின் மதிய இடைவேளையில், சாப்பிடாமல், அவர் அலுவலகப் படியேறினார்.

“சட்டம் இருக்குதும்மா. பதினெட்டு முடியணும்” என்றார் வக்கீல். “ஆனா புகார் யாரு குடுக்கறது? நீங்க குடுத்தா உங்க வீட்டுக்காரரையே கேஸ்ல சேர்க்கணும். அப்புறம் எந்த மூஞ்சை வச்சுக்கிட்டு அந்த வீட்டுல இருப்பீங்க?”

“கேஸ் வேணாம் சார். நீங்க வந்து அவருக்குச் சட்டத்தை எடுத்துச் சொன்னாப் போதும். மேடையில எவ்வளவு பேசியிருக்கீங்க.”

“மேடையில கோதண்டராமன் ஐயா எனக்கு அந்தப் பக்கம் குடுத்தாரு, பேசினேன்.” அவர் கூச்சமே இல்லாமல் சிரித்தார். “என் பெரிய பொண்ணுக்குப் பதினாறுலயே முடிச்சிட்டேன். உங்களுக்குத் தெரியாதா? பத்திரிகை குடுத்தேனே.”

டீச்சருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அந்தக் கல்யாணத்துக்கு அவரே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்.

மிச்சம் இருந்தது கோதண்டராமன். பலராமன் மரியாதை வைத்திருந்த ஒரே வெளி மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, “பரீட்சை ரெண்டு மாசத்துல வருது. கொஞ்சம் தள்ளி வச்சா என்னன்னு டீச்சர் நினைக்கிறாங்க” என்று தொடங்கினார்.

பலராமன் கோபப்படவில்லை. எழுந்து போய் டேப் ரெக்கார்டரை எடுத்துவந்து மேசையில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். கஸ்தூரியின் குரல் வந்தது. பட்டம் சுவரில் தொங்கும். தாலி நெஞ்சில் தொங்கும். கைதட்டல். சீழ்க்கை. மறுபடி கைதட்டல்.

“ஐயா, இதைப் பேசினது யாரு? நானா?” என்றார் பலராமன். “ஊருக்கெல்லாம் தாலி வேணும், என் பொண்ணுக்கு மட்டும் பட்டம் வேணும்னா எப்படி?”

“அது எனக்குக் குடுத்த பக்கம்” என்றார் டீச்சர். கணவரிடம் அல்ல, கோதண்டராமனிடம். “ஐயா, சொல்லுங்க. நான் வெளியைப் பேசறேன்னு உங்ககிட்ட கேட்டேன். இதே வீட்ல, இதே எடத்துல கேட்டேன். நீங்கதானே வேணாம்னீங்க. அவர்கிட்ட சொல்லுங்க.”

கோதண்டராமன் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். “பக்கம் நான் குடுத்தேம்மா. பேச்சு உன்னுதுதானே?”

இதற்கு என்ன பதில் இருக்கிறது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நம்பாமல் சொன்ன சொல்லுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியைப் படித்தவர்கள் நூற்றாண்டுகளாகக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள். டீச்சருக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. தை இருபத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் என்று பத்திரிகை அடித்தாகிவிட்டது.

அவர் வேறொன்று செய்யத் துணிந்தார். ஊர் தன் வார்த்தையை அவ்வளவு நம்புகிறதென்றால், அதே மேடையில், அதே ஊரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். நானூறு பேர் முன்னால் சொன்ன பிறகு பலராமனால் மறுக்க முடியாது. யாராவது ஒரு பெரியவர் எழுந்து, “டீச்சர் இவ்வளவு கேட்கறாங்க, மூணு மாசம்தானேப்பா” என்பார். இப்படித்தான் கணக்குப் போட்டார். வேதாவிடம்கூடச் சொல்லவில்லை.

1985 தை மூன்றாம் நாள் மதியம். தலைப்பு, பெண்ணின் வாழ்வு நிறைவது கல்வியாலா, கல்யாணத்தாலா? டீச்சருக்குக் கல்யாணம். மண்டபம் நிறைந்திருந்தது. வேதா பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் இருந்தாள். பலராமன் வழக்கம்போல முன்வரிசை.

டீச்சர் ஒலிபெருக்கி முன் வந்து அவையை வணங்கினார். செய்யுள் சொல்லவில்லை.

“பத்து வருஷமா இந்த மேடையில வீடுதான் பெருசுன்னு பேசியிருக்கேன். குடுத்த பக்கத்தைப் பேசினேன். அதுல எதையும் நான் நம்பினதில்லை.”

கூட்டம் சிரித்தது. எதிரணியின் வாதத்தை முதலில் தன் வாயால் சொல்லி, பிறகு அடித்து நொறுக்குவது பட்டிமன்றத்தில் பழைய உத்தி. அடி எப்போது விழும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

“சிரிக்காதீங்க. என் பொண்ணு இங்கதான் உக்காந்திருக்கா. பன்னெண்டாவது படிக்கிறா. மார்ச்சு மாசம் பரீட்சை. அவளுக்கு இன்னும் பதினெட்டு நாள்ல கல்யாணம். பதினேழு வயசு அஞ்சு மாசம்.”

“சரியான வயசுதான் டீச்சர்!” என்று ஒரு குரல். மண்டபமே அதிர்ந்து சிரித்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பலராமனைப் பார்த்துத் தலையாட்டினார்கள். பலராமனும் புன்னகைத்தார்.

“மூணு மாசம் தள்ளி வைக்கச் சொல்றேன். யாராவது எழுந்து அவருகிட்ட சொல்லுங்க. பெரியவங்க இருக்கீங்க. உங்களைத்தான் கேக்கறேன்.” குரல் உடைந்தது. கைகூப்பினார். “இது பட்டிமன்றப் பேச்சு இல்லைங்க.”

பின்வரிசையில் யாரோ “ஆகா!” என்றார்கள். கைதட்டல் எழுந்தது, 1982இல் எழுந்ததைவிடப் பெரிதாக. என் பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னாமா நடிக்கிறாங்க!” என்றார். அந்தக் கைதட்டலில் என்னுடையதும் இருந்தது.

டீச்சர் இன்னும் ஏதோ சொன்னார். கேட்கவில்லை. கோதண்டராமன் மணியை அடித்தார். நேரம் முடிய இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. அவருக்குத் தெரியும். அந்த மண்டபத்தில் டீச்சர் நடிக்கவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். கணவர், நடுவர், எதிரணி வக்கீல்.

தீர்ப்பில் அவர் இப்படிச் சொன்னார்: “நம்ம கஸ்தூரி அம்மையார், படிப்பு படிப்புன்னு அடம்பிடிக்கிற இந்தக் காலத்துத் தாய்மார் எப்படிக் கண்ணீர் விடுவாங்கன்னு தத்ரூபமா நடிச்சுக் காட்டினாங்க. எதிரணிக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. பெண்ணின் வாழ்வு நிறைவது கல்யாணத்தாலேயே!” பொன்னாடை போர்த்தினார்கள். வக்கீல் ராமகிருஷ்ணன் தோல்வியை ஒப்புக்கொண்டு முதல் ஆளாகக் கைகொடுத்தார்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. தாயும் மகளும் பொங்கல் கூட்டத்துக்கு நடுவே நடந்தார்கள். வழியில் மூன்று பேர் நிறுத்திப் பாராட்டினார்கள். அவர்கள் போன பிறகு வேதா கேட்டாள்.

“அம்மா, நீ நெசமாத்தான் பேசினியா?”

டீச்சர் நின்றுவிட்டார். அந்தப் பெண் சின்ன வயதிலிருந்து எல்லாப் பட்டிமன்றத்துக்கும் வந்தவள். அம்மா மேடையில் பேசுவதையும் வீட்டில் பேசாமலிருப்பதையும் ஒருங்கே பார்த்து வளர்ந்தவள். அவளுக்கே சந்தேகம் வந்திருந்தது.

“நெசமாதான்டி” என்றார்.

“அப்ப வீட்டுக்குப் போய் அப்பாகிட்ட சொல்லு. மைக் இல்லாம.”

பலராமன் முன்னாலேயே வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். “பிரமாதம்! கடைத்தெரு பூரா அதே பேச்சு” என்றார்.

“அது பேச்சு இல்லன்னு உங்களுக்குத் தெரியும். இப்பவும் சொல்றேன். பரீட்சை முடியறவரைக்கும் இந்தக் கல்யாணம் வேணாம்.”

பலராமன் சட்டையை ஆணியில் மாட்டினார். “அதான் மணி அடிச்சாச்சே. உக்காரு” என்றார்.

கல்யாணம் தை இருபத்தொன்றில் நடந்தது. டீச்சரை இரண்டு வார்த்தை வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். தொண்டை கட்டியிருப்பதாகச் சைகை காட்டினார். மாசி முதல் வாரம் தசரதன் மனைவியைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் போனான். வேதாவின் புத்தகங்கள் அலமாரியில் இருந்தபடியே இருந்தன. இயற்பியல் புத்தகத்தை மட்டும் காணவில்லை. அதைப் புடவைகளுக்கு நடுவே வைத்து எடுத்துப்போயிருக்கிறாள் என்று பதினைந்து நாள் கழித்து வந்த கடிதத்தில் தெரிந்தது. அங்கே ஒரே அறை, படிக்க நேரம் இருக்கிறது, பரீட்சைக்கு வர அவரிடம் கேட்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தாள். அடுத்த கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள், கூடங்களில் பெஞ்சு போட்டு, ஒவ்வொரு இடத்திலும் மாணவியின் பதிவு எண்ணைச் சாக்கட்டியால் எழுதுவது ஆசிரியைகளின் வேலை. பணம் கட்டிப் பதிந்த பெண் வந்தாலும் வராவிட்டாலும் அவள் எண் எழுதப்பட்டாக வேண்டும், அது விதி. நான்காம் எண் கூடத்தை டீச்சர் கேட்டு வாங்கிக்கொண்டார். தலைமையாசிரியை பட்டியலைப் பார்த்துவிட்டு, “வேணாம் கஸ்தூரி, வேற யாராவது எழுதட்டும்” என்றார். டீச்சர் பட்டியலைக் கொடுக்கவில்லை.

இருபது இடம். பதினான்காவது வேதாவுடையது. மற்ற எண்களை எழுதிய அதே அளவில், அதே வேகத்தில் அதையும் எழுதிவிட்டுப் பதினைந்தாவதற்குப் போனார். எல்லாம் முடிந்ததும் திரும்பி வந்து, ஜன்னல் வெயில் நேராக முகத்தில் படாதபடி அந்தப் பெஞ்சைச் சற்று உள்ளே தள்ளிப் போட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, வேறொரு கூடத்தில் நின்றபடி, மணி அடிப்பதைக் கேட்டார். பத்தரைக்குப் பிறகு யாரையும் உள்ளே விடமாட்டார்கள். பத்தரைவரை அவர் பள்ளி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அந்தக் கூடத்தில் எழுதிய மாணவி ஒருத்தி சொன்னாள்.